நான்கு மாதக் கடன்: சேகா சாட்டர்ன் அமெரிக்காவில் விழுந்த கதை

ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான சேகாவின் சாட்டர்ன் கன்சோல் (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவி) உலகம் முழுவதும் சுமார் 92 லட்சத்து 60 ஆயிரம் விற்றது. அதற்குச் சில நாள்கள் பின்னால் களத்துக்கு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் தன் ஆயுளில் 10 கோடியைத் தாண்டியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாமதமாக வந்த நின்டெண்டோ 64 கூட 3 கோடியே 29 லட்சம் வரை போனது. கன்சோல் தொழிலில் சோனிக்கு முன் அனுபவமே இல்லை. சேகாவோ அமெரிக்காவில் நின்டெண்டோவை ஒரு கட்டத்தில் முந்திய நிறுவனம். அப்படியிருந்தும் முடிவு இப்படி.

வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படும்: கருவியின் உள்ளமைப்பு சிக்கலானது, விலை அதிகம், சேகாவின் அடையாளமான நீல முள்ளெலி நாயகன் சோனிக்கின் விளையாட்டு வரவில்லை. மூன்றும் உண்மை. ஆனால் நடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே பழக்கம் தெரிகிறது. தனக்கு நேரம் போதாதபோதெல்லாம் சேகா அதை அடுத்தவர் கையிலிருந்து எடுத்தது. முதலில் நிரலாளர்களிடமிருந்து, பிறகு கடைக்காரர்களிடமிருந்து, கடைசியில் தன் வாடிக்கையாளர்களிடமிருந்தே. இந்த ஆய்வு அந்தப் பழக்கத்தைத்தான் பின்தொடர்கிறது. முடிவெடுத்தவர்களைப் பெயரால் சுட்டாமல், வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்புலம்

சாட்டர்னுக்கு முந்தைய தலைமுறையான 16-பிட் வகையில் சேகாவின் கருவி மெகா டிரைவ் 1988 அக்டோபரில் ஜப்பானில் வந்தது. அங்கே அது ஒருபோதும் முதலிடத்தை எட்டவில்லை. 1989-இல் ஜெனிசிஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் அதற்கு வாழ்வு வந்தது. அமெரிக்கக் கிளையின் தலைவர் பொம்மைத் தொழிலிலிருந்து வந்தவர். கருவியின் விலையைக் குறைத்தார், 1991-இல் வந்த சோனிக் விளையாட்டைக் கருவியோடு சேர்த்துக் கொடுத்தார், நின்டெண்டோவைப் பெயர் சொல்லியே சீண்டும் விளம்பரங்களை ஓட்டினார். தலைமையகத்துக்கு இவை எதுவும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் விற்றது.

இதனால் நிறுவனத்துக்குள் விசித்திரமான நிலை உருவானது. முடிவெடுக்கும் அதிகாரம் டோக்கியோவில் இருந்தது, பணம் ஈட்டும் சந்தை அமெரிக்காவில் இருந்தது. தாய்வீட்டில் மூன்றாம் இடத்தில் கிடந்த கருவி, புகுந்த வீட்டில் கொடிகட்டிப் பறந்தது. இந்த மனக்கசப்பை எந்த நிதி அறிக்கையிலும் பார்க்க முடியாது. ஆனால் அடுத்து வந்த பல முடிவுகளை இது இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

சோனி இந்தத் தொழிலுக்குள் வந்ததே ஒரு அவமானத்தால்தான். நின்டெண்டோவுடன் சேர்ந்து குறுந்தகடு இயக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்த சோனியை, 1991-ஆம் ஆண்டு சிகாகோ மின்னணுக் கண்காட்சியில் வைத்து நின்டெண்டோ கைகழுவியது. பிலிப்ஸ் நிறுவனத்துடன் கைகோப்பதாக அறிவித்தது. அதன்பிறகு சோனி தனியாக இறங்கியது. சோனியோடு கூட்டாகக் கருவி செய்யலாம் என்ற யோசனை சேகாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து டோக்கியோவுக்குப் போனதாகவும், தலைமையகம் மறுத்ததாகவும் அதே அமெரிக்கத் தலைவர் சொல்லியிருக்கிறார். தோற்ற பக்கத்தின் வாக்குமூலம் என்பதால் அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்வோம்.

பெட்டிக்குள் நடந்தது

சாட்டர்ன் முதலில் தட்டையான, இருபரிமாண விளையாட்டுகளில் எவராலும் நெருங்க முடியாத கருவியாகவே திட்டமிடப்பட்டது. முப்பரிமாணமும் உண்டு, ஆனால் அது மையம் அல்ல. 1993 வாக்கில் சோனியின் கருவி என்ன செய்யும் என்ற விவரங்கள் வெளியே வரத் தொடங்கின. அது முப்பரிமாணத்துக்கென்றே பிறந்த கருவி. சேகாவின் பொறியாளர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: வடிவமைப்பை முதலிலிருந்து தொடங்குவது, அல்லது இருப்பதன் மேல் ஒட்டுப்போடுவது. முதல் வழிக்கு நேரம் இல்லை. ஹிட்டாச்சி நிறுவனத்தின் எஸ்.எச்-2 செயலி (கருவியின் மூளையாக இயங்கும் சிப்) ஏற்கெனவே ஒன்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தார்கள். படம் வரைவதற்கு இரண்டு சிப்கள், ஒலிக்குத் தனிச் செயலி, குறுந்தகட்டுக்குத் தனிச் செயலி என்று பெட்டி நிறைந்தது.

காகிதத்தில் இது மிரட்டும் பட்டியல். வேலையில் எப்படி இருந்தது? ஒரே வாசல் உள்ள சரக்கறையில் இரண்டு சமையற்காரர்களை விட்டதுபோல. இரண்டு செயலிகளும் பிரதான நினைவகத்துக்கு ஒரே பாதை வழியாகத்தான் போகவேண்டும். ஒன்று எடுக்கும்போது மற்றது நிற்கும். இரண்டையும் மோதாமல் ஓட்டும் வித்தை தெரிந்த நிரலாளருக்குக் கருவி வளைந்துகொடுத்தது. தெரியாதவர்கள் ஒரு செயலியை மட்டும் பயன்படுத்திவிட்டு இன்னொன்றைச் சும்மா விட்டார்கள். சேகாவின் முதன்மையான ஆர்கேட் (காசு போட்டு ஆடும் கூடங்களுக்கான விளையாட்டு) வடிவமைப்பாளரே, இரட்டைச் செயலிகளைவிட வேகமான ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும், இதன் முழுத் திறனையும் எடுக்கக்கூடியவர் நூறு நிரலாளரில் ஒருவர்தான் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொரு சிக்கல் வடிவியல் சார்ந்தது. பிளேஸ்டேஷன் உருவங்களை முக்கோணங்களால் கட்டியது. தொழில் முழுவதும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. சாட்டர்னின் முதல் வரைகலைச் சிப்போ நாற்கோணங்களை வரைந்தது. தட்டையான படத்துண்டை நான்கு மூலையிலும் பிடித்து இழுத்து வளைக்கும் பழைய முறையின் வளர்ச்சி அது. முக்கோணம் வேண்டுமென்றால் இரண்டு மூலைகளை ஒரே புள்ளியில் மடித்து வைக்கவேண்டும். கண்ணாடி, புகை போன்ற ஊடுருவும் காட்சிகளிலும் தொல்லை இருந்தது. ஆகவே பல விளையாட்டுகளில் புகைக்குப் பதில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்த வலை தெரியும். அந்தக் காலத்துச் சாட்டர்ன் விளையாட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வலை மறக்காது.

சோனி தொடக்கத்திலிருந்தே சி என்ற நிரல்மொழியில் எழுதக்கூடிய ஆயத்த நிரல் நூலகங்களையும், கைக்கு எளிதான கருவித் தொகுப்பையும் கொடுத்தது. சேகாவின் தொடக்கக் கருவித் தொகுப்பு கரடுமுரடானது. வேகம் வேண்டுமென்றால், செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில்தான் எழுதவேண்டும். வரைகலைக்கான நல்ல நூலகம் 1995-இல்தான் வந்தது. வடிவமைப்பைத் திருத்த சேகாவுக்கு இல்லாமல்போன மாதங்களை, உலகம் முழுவதும் இருந்த நிரலாளர்கள் தங்கள் இரவுகளில் ஈடுசெய்தார்கள். முதல் கடன் இது.

ஜப்பானில் கிடைத்த வெற்றி

1994 நவம்பர் 22 அன்று சாட்டர்ன் ஜப்பானில் 44,800 யென்னுக்கு வந்தது. முதல் சரக்கு இரண்டு லட்சமும் அன்றே தீர்ந்தது. காரணம் ஒரே விளையாட்டு: வர்ச்சுவா ஃபைட்டர். ஆர்கேட் கூடங்களில் ஜப்பானிய இளைஞர்கள் காசு காசாகப் போட்டு ஆடிய சண்டை விளையாட்டு அது. கருவி வாங்கியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அதையும் சேர்த்து வாங்கினார்கள். பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று, பிளேஸ்டேஷன் 39,800 யென்னுக்கு வந்தது. ஆண்டு முடிவில் சாட்டர்ன் சுமார் ஐந்து லட்சம், பிளேஸ்டேஷன் சுமார் மூன்று லட்சம்.

இந்த வெற்றி உண்மையானது. ஆனால் இதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்பதில்தான் பிழை நேர்ந்தது என்பது என் கணிப்பு. முதலில் வந்ததால் வென்றோம் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். மக்கள் ஏற்கெனவே உயிரை விட்டுக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு கையில் இருந்ததால் வென்றோம் என்று இன்னொரு விளக்கமும் சொல்லலாம். அமெரிக்காவில் வர்ச்சுவா ஃபைட்டருக்கு அந்த வெறி இருக்கவில்லை. பதினோரு நாள் முந்தியதற்கு இவ்வளவு பலன் என்றால் நான்கு மாதம் முந்தினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்களுக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவில்லை.

காளான்

இதற்கிடையே அமெரிக்காவில் இன்னொரு பெட்டி விற்பனைக்கு வந்தது. சாட்டர்ன் அங்கே வர ஓராண்டு ஆகுமே, அதுவரை என்ன செய்வது என்ற கவலையில், ஜெனிசிஸ் மேல் செருகும் இணைப்புக் கருவியாக 32எக்ஸ் உருவானது. 1994 நவம்பரில் 159 டாலருக்கு வந்தது. ஜெனிசிஸ் மேல் முளைத்த காளான்போல இருக்கும். உள்ளே இருந்தவை சாட்டர்னில் இருந்த அதே குடும்பத்து எஸ்.எச்-2 செயலிகள் இரண்டு. ஜப்பானில் அது கடைக்கு வந்தது டிசம்பர் 3. அதாவது சாட்டர்ன் வந்தபின், பிளேஸ்டேஷன் வந்த அதே நாளில். இதை யார் வாங்குவார்கள் என்று டோக்கியோவில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

முதல் கிறிஸ்துமஸுக்கு ஓரளவு விற்றது. பிறகு விளையாட்டுகள் வரவில்லை. விலை சரிந்து சரிந்து, கடைசியில் 20 டாலருக்குள் கழித்துக் கட்டப்பட்டது. பெற்றோர்கள் 159 டாலர் கொடுத்து வாங்கியது ஆறு மாதத்தில் செல்லாக்காசானது. சாட்டர்ன் அமெரிக்காவுக்கு வந்தபோது கடைக்காரரிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இதையாவது தொடர்ந்து நடத்துவார்களா என்பதாக இருந்திருந்தால் அதில் தவறில்லை.

1995 மே 11

அமெரிக்க வெளியீட்டுக்கு சேகா அறிவித்திருந்த நாள் செப்டம்பர் 2, சனிக்கிழமை. ஆங்கிலத்தில் சனிக் கோளின் பெயரும் சனிக்கிழமையின் பெயரும் ஒட்டிப்போவதால் அதைச் சொல்விளையாட்டாக்கி விளம்பரமும் தயாரானது. (சனி என்று பெயர் வைத்து, சனிக்கிழமையில் கடை திறக்க நம்மூரில் எந்த வியாபாரியும் ஒப்பமாட்டார்.) பிளேஸ்டேஷனுக்குக் குறிக்கப்பட்ட நாள் அதற்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 9.

மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இ3 என்ற வீடியோ கேம் தொழில் கண்காட்சி முதன்முறையாக நடந்தது. அதற்கு முன்பே டோக்கியோ தலைமை ஒரு முடிவெடுத்திருந்தது: செப்டம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். காரணங்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல. சோனியின் கருவி ஜப்பானில் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சோனியிடம் பணம் இருந்தது, சொந்தமாகச் சிப் ஆலை இருந்தது. விளம்பரப் போரில் அதை வெல்ல முடியாது. நாள்காட்டியில் வெல்லலாம் என்று நினைத்தார்கள். அமெரிக்கத் தலைவர் இதை எதிர்த்ததாகவும், போதிய கருவிகளும் விளையாட்டுகளும் இல்லை என்று எச்சரித்ததாகவும் பின்னாளில் சொன்னார். எதிர்த்தாரோ இல்லையோ, மேடையில் அறிவித்தவர் அவர்தான்.

அறிவிப்பு இப்படி இருந்தது: சாட்டர்ன் இப்போதே கடைகளில் கிடைக்கிறது. விலை 399 டாலர், வர்ச்சுவா ஃபைட்டர் உட்பட. நான்கு கடைச் சங்கிலிகளுக்கு 30,000 கருவிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன.

அரங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் பத்திரிகையாளர்கள். அவர்களுக்கு இது நல்ல செய்தி. மீதிப்பேர் விளையாட்டுத் தயாரிப்பாளர்கள், கடைக்காரர்கள். செப்டம்பரை நம்பித் திட்டம் போட்டிருந்தவர்கள்.

அன்றே சோனியின் கூட்டமும் நடந்தது. சோனியின் அமெரிக்கக் கன்சோல் பிரிவின் தலைவர் மேடையேறினார். கையில் காகிதங்கள் இருந்தன. அவற்றைப் படிக்கவில்லை. ஒலிவாங்கியில் ஒரே ஓர் எண்ணைச் சொன்னார்: 299. சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கைதட்டல் அரங்கை நிறைத்தது.

நியாயமாகக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் நூறு டாலர் அல்ல. சேகாவின் விலையில் ஒரு விளையாட்டு அடங்கியிருந்தது. சோனியின் விலையில் அடங்கவில்லை. அப்போது ஒரு விளையாட்டின் விலை 50, 60 டாலர். ஆனால் கடை வாசலில் நிற்கும் தாய்தந்தையர் அந்தக் கழித்தலைச் செய்வதில்லை. அன்று பதிந்தது இரண்டு எண்கள் மட்டுமே. முதலில் பேசியதால் சேகா தன் விலையை வெளியே விட்டுவிட்டது. அடுத்துப் பேசிய சோனிக்கு அந்த எண்ணுக்குக் கீழே சொன்னால் போதும் என்ற வசதி கிடைத்தது.

கடைகளில் கண்டது

பட்டியலில் இடம்பெற்ற நான்கு கடைகளும் மகிழ்ந்தன. இடம்பெறாதவர்கள் யார் என்பதுதான் முக்கியம். வால்மார்ட் இல்லை. பெஸ்ட் பை இல்லை. கே.பி. டாய்ஸ் இல்லை. ஜெனிசிஸ் காலத்தில் சேகாவை வளர்த்தவை இவற்றைப் போன்ற கடைகள்தான். ஒரு புதிய கருவிக்காக அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே அலமாரி ஒதுக்குவார்கள், விளம்பரத் தாள்கள் அச்சடிப்பார்கள், பணத்தை எடுத்து வைப்பார்கள். போட்டிக் கடை கருவியை விற்கத் தொடங்கிவிட்டது என்பதைச் செய்தியாக அறிந்தார்கள். கே.பி. டாய்ஸ் வெறும் கோபத்தோடு நிற்கவில்லை. சேகாவின் சரக்கையே கடையிலிருந்து எடுத்துவிட்டது.

இதைச் சேகா முன்கூட்டியே கணித்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். 30,000 கருவிகளைப் பத்துச் சங்கிலிகளுக்குப் பிரித்தால் ஒரு கடைக்கு ஓரிரண்டுதான் கிடைத்திருக்கும். அதனால்தான் நான்குக்குச் சுருக்கினார்கள். எண்ணிக்கை கணக்கில் அது சரியான முடிவு. உறவு என்ற கணக்கில் அது பேரழிவு. சரக்கு போதாது என்பதே, இப்போது வெளியிடக் கூடாது என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தக் காரணத்தை ஏற்காமல், அதன் விளைவை மட்டும் சமாளிக்கப் பார்த்தார்கள்.

விளையாட்டு நிறுவனங்களுக்கும் இதே அடிதான். வெளியீட்டின்போது கிடைத்த ஆறு விளையாட்டுகளும் சேகாவே வெளியிட்டவை. மற்ற நிறுவனங்களின் விளையாட்டுகள் செப்டம்பருக்காகக் காய்ந்துகொண்டிருந்தன. மே முதல் செப்டம்பர் வரை புதிதாக வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கு மாதம் போட்டியே இல்லாமல் சேகா தன் சரக்கை மட்டும் விற்றுக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுந்தது. உள்நோக்கம் அதுவல்ல என்றாலும் விளைவு அப்படித்தான் இருந்தது.

அந்த ஆறில் டேடோனா யு.எஸ்.ஏ. என்ற பந்தய விளையாட்டு தனியாகப் பார்க்கத்தக்கது. ஆர்கேடில் அது கண்ணைப் பறிக்கும். வீட்டுக் கருவிக்கு அவசரமாக மாற்றப்பட்டதில் தொலைவிலிருக்கும் மலையும் பாலமும் கார் அருகில் போனபின்தான் திடீரென்று முளைத்தன, ஓட்டமும் தடுமாறியது. சோனிப் பக்கத்தில் நாம்கோ நிறுவனத்தின் ரிட்ஜ் ரேசர் வழுக்கிக்கொண்டு ஓடியது. பத்திரிகைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டன. வர்ச்சுவா ஃபைட்டரின் முதல் பதிப்பிலும் உருவங்கள் நடுங்கின. பிறகு திருத்திய பதிப்பை சேகா இலவசமாக அனுப்ப வேண்டியதாயிற்று. முந்திக்கொண்டு வந்ததால் கிடைத்தது, தயாராகாத முகத்தை முதலில் காட்டும் வாய்ப்பு.

செப்டம்பர் 9 வந்தது. பிளேஸ்டேஷனுக்கு முன்பதிவே ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. சாட்டர்ன் ஏறக்குறைய நான்கு மாதங்களாக விற்ற எண்ணிக்கையை அது முதல் இரண்டு நாளிலேயே கடந்துவிட்டது.

விலைப் போர்

அக்டோபர் தொடக்கத்தில் சேகா சாட்டர்ன் விலையை 299 டாலராகக் குறைத்தது. மே மாதம் 399 கொடுத்தவர்கள் முதல் ஆதரவாளர்கள். ஐந்தே மாதத்தில் நூறு டாலர் நட்டம் அவர்களுக்கு. அந்த இலையுதிர்காலத்தில்தான் கருவியின் உண்மையான பலம் தெரிந்தது. வர்ச்சுவா ஃபைட்டர் 2, சேகா ராலி, வர்ச்சுவா காப் மூன்றும் வந்தன. மூன்றும் நல்லவை. இரட்டைச் செயலியை ஓட்டும் வித்தையை சேகாவின் உள்வீட்டு அணிகள் கற்றுவிட்டன என்பதற்குச் சான்று. இவற்றோடு சேர்ந்தே செப்டம்பரில் வந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் போகாது.

1996 மே மாதம் சோனி 199 டாலருக்கு இறங்கியது. சேகாவும் இறங்க வேண்டியதாயிற்று. இங்கேதான் 1993-இன் ஒட்டுவேலை திரும்பவும் கடிக்கிறது. பிளேஸ்டேஷனின் உள்ளமைப்பு எளியது. சோனி தன் ஆலையிலேயே சிப்களை ஒன்றுசேர்த்துச் சுருக்கி, செலவைக் குறைத்துக்கொண்டே போகமுடிந்தது. சாட்டர்னில் பல சிப்கள், பல வெளி நிறுவனங்கள். விலையை இறக்க முடிந்தது, செலவை அதே வேகத்தில் இறக்க முடியவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் கருவியோடு மூன்று நல்ல விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். விற்பனை சற்று ஏறியது. பெட்டிக்குப் பெட்டி நட்டமும் ஏறியது.

இன்னொரு முடிவையும் இங்கே குறிக்கவேண்டும். சாட்டர்னில் முழுக் கவனம் செலுத்தும்படி 16-பிட் கருவியைக் கைவிட டோக்கியோ உத்தரவிட்டது. ஜப்பானுக்கு அது சரி. அங்கே மெகா டிரைவ் எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1995-இல்கூட 16-பிட் விற்பனைதான் சந்தையின் பெரும்பங்கு. நின்டெண்டோ தன் பழைய கருவியில் நிதானமாகப் பணம் பண்ணிக்கொண்டிருந்தபோது, சேகா பால் கொடுத்துக்கொண்டிருந்த மாட்டை விற்றுவிட்டுக் கன்றுக்குத் தீவனம் தேடியது.

வராமல் போன சோனிக்

அமெரிக்காவில் சேகா என்றால் சோனிக். சாட்டர்னுக்கென்று முழுமையான புதிய சோனிக் விளையாட்டு கடைசிவரை வரவில்லை. அமெரிக்காவில் இருந்த ஓர் உள்வீட்டு அணி அதைச் செய்ய முயன்றது. முதலில் வேறு கருவிக்காகத் தொடங்கியது, பிறகு 32எக்ஸ், பிறகு சாட்டர்ன் என்று இலக்கு மாறிக்கொண்டே இருந்தது. அணிக்குள்ளேயே இரண்டு தனித்தனி வரைகலை இயந்திரங்கள் (காட்சியை வரையும் அடிப்படை நிரல்கள்) எழுதப்பட்டன. ஜப்பானிலிருந்து வந்து பார்த்த தலைமை ஒன்றை மட்டும் ஏற்றது. மற்றதில் மாதக்கணக்கில் உழைத்தவர்கள் கைவிடப்பட்டார்கள். 1996 கிறிஸ்துமஸ் என்ற கெடு மாறவில்லை. இரவு பகலாக உழைத்த முக்கியமான இருவர் நோயில் விழுந்தார்கள். கெடு தவறியது, திட்டம் கைவிடப்பட்டது. இந்த முறை நேரம் எடுக்கப்பட்டது அவர்களின் உடலிலிருந்து.

முடிவு

1997 ஜனவரியில் ஃபைனல் ஃபேண்டசி VII என்ற பாத்திரமேற்கும் விளையாட்டு ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதுவரை ஜப்பானில் தாக்குப்பிடித்த சாட்டர்னுக்கு அங்கேயும் மூச்சு வாங்கத் தொடங்கியது. அதே மாதம் பொம்மை நிறுவனமான பண்டாயுடன் சேகா இணையப்போவதாக அறிவிப்பு வந்தது. மே மாதம் அதுவும் கலைந்தது. பழைய அமெரிக்கத் தலைவர் 1996-இலேயே விலகியிருந்தார். புதிதாக வந்தவர் அதற்கு முன் சோனியின் அமெரிக்கக் கன்சோல் பிரிவில் இருந்தவர். 1997 ஜூனில் அட்லாண்டா நகரில் நடந்த இ3-இல், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். நேர்மையான பேச்சுதான். ஆனால் கடையில் இன்னும் இருப்பு இருக்கும்போது உரிமையாளரே இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்? கருவி மிகச் சிறப்பாகச் செய்த இருபரிமாணச் சண்டை விளையாட்டுகளும் பாத்திரமேற்கும் விளையாட்டுகளும் ஜப்பானில் குவிந்துகொண்டிருந்தன. அவற்றில் பலவற்றை அமெரிக்கக் கிளை கொண்டுவரவே இல்லை.

1998-இல் அமெரிக்காவில் கதை முடிந்தது. 1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சேகாவின் ஒருங்கிணைந்த நிகர நட்டம் 3,560 கோடி யென். பங்குச் சந்தைக்கு வந்தபின் அந்த நிறுவனம் கண்ட முதல் நட்டம். ஜப்பானில் மட்டும் சாட்டர்ன் 50 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது; உலக விற்பனையில் பாதிக்கும் மேல். ஜூடோ உடையில் வந்து, சாட்டர்ன் ஆடாத இளைஞர்களைத் தூக்கி அடிக்கும் விளம்பர நாயகனை அங்கே இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

என்ன மாறியிருக்க வேண்டும்

சேகா எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் சோனியை வென்றிருக்காது என்றே கருதுகிறேன். சோனியின் கருவி செய்ய மலிவானது, எழுத எளியது. உரிமக் கட்டணத்திலும் குறுந்தகட்டு விநியோகத்திலும் தயாரிப்பாளர்களுக்குச் சாதகமான ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் தோல்வியிலும் அளவு உண்டு. ஜப்பானில் இரண்டாம் இடத்தில் மரியாதையோடு நின்றதுபோல அமெரிக்காவிலும் நின்றிருக்க முடியும்.

மாற்றவேண்டியது எது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால், மே 11 அறிவிப்பைச் சொல்வேன். செப்டம்பர் 2-ஐ விட்டுவிடாமல், கோடை முழுவதும் கடைகளில் மாதிரிக் கருவிகளை வைத்து ஆடவிட்டிருக்கலாம். அந்த மாதங்களில் டேடோனாவைச் செப்பனிட்டிருக்கலாம், புதிய வரைகலை நூலகத்தை வெளி நிறுவனங்களின் கையில் கொடுத்திருக்கலாம். விலையைச் சோனி சொன்னபின் சொல்லியிருக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சிப் தேவையில்லை, கூடுதல் முதலீடும் பெரிதாக இல்லை. முன்கூட்டியே விற்றே தீரவேண்டும் என்றால், பெரிய கடைகளைத் தனியே அழைத்து, இருப்பு குறைவு, உங்கள் பங்கு இந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் கொடுத்திருக்கலாம்.

32எக்ஸ் வந்திருக்கவே கூடாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இரட்டைச் செயலி முடிவைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். 1993-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், ஓராண்டு தள்ளிப்போடும் துணிச்சல் பலருக்கும் வந்திருக்காது. ஒட்டுப்போட்ட கருவியைச் சீக்கிரம் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் வெளியே அனுப்பியதுதான் தவிர்த்திருக்கக்கூடிய பிழை.

பிறகு நடந்தது

சேகாவின் அடுத்த கருவி டிரீம்காஸ்ட். அமெரிக்க வெளியீட்டு நாள் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. அறிவித்த நாளிலேயே வந்தது. 1999 செப்டம்பர் 9, அதாவது பிளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சரியாக நான்கு ஆண்டு கழிந்த நாள். விலை 199 டாலர், முதல் நாளே 18 விளையாட்டுகள், தயாராக ஒரு சோனிக். 24 மணி நேரத்தில் 2,25,000-க்கு மேல் விற்றது. விளையாட்டு நிறுவனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மட்டும் டிரீம்காஸ்டுக்கு ஒரு விளையாட்டும் செய்யவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. சாட்டர்னில் பட்ட அனுபவமும் அவற்றில் ஒன்று. 2001 ஜனவரி 31 அன்று, மார்ச் மாதத்தோடு டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாகவும், இனி மற்றவர்களின் கருவிகளுக்கு விளையாட்டுகள் செய்யப்போவதாகவும் சேகா அறிவித்தது.